சார்ஜ் எங்கே போகிறது

ஜூன் 3, திங்கள்

குடிக்கிற தண்ணீரை எழுதி வைக்கச் சொல்லி டயாலிசிஸ் சிஸ்டர் போன வாரம் சொன்னார். அதற்காக எடுத்த டைரி. காலையில் காபி அரை டம்ளர். மாத்திரைக்கு இரண்டு மடக்கு. மத்தியானம் மோர் கேட்டேன், என் மனைவி செண்பகம் தரவில்லை. சாயங்காலம் ஒரு ஐஸ் கட்டி. எழுதியாயிற்று. பக்கத்தில் இவ்வளவு இடம் மிச்சம் கிடக்கிறது. சும்மா விட மனசில்லை.

இன்றைக்கு போன் ஒரு பயம் காட்டிவிட்டது. டயாலிசிஸ் முடிந்து ஆட்டோவில் வந்து இறங்கும்போதே உடம்பு துவண்டு போயிருந்தது. படுத்துவிட்டேன். எழுந்து பார்த்தால் போன் செத்துக் கிடக்கிறது. காலையில் முழு சார்ஜோடு எடுத்துப் போனது. சார்ஜரில் செருகிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். உயிர் வந்ததும் ஒரு மெசேஜ்: அணைந்திருந்த நேரத்தில் மதுரை நம்பரிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது.

மதுரை ஆஸ்பத்திரியில் கிட்னிக்குப் பதிந்து வைத்திருக்கிறேன். மூளைச்சாவு அடைந்த யாராவது ஒருவரின் குடும்பம் மனது வைத்தால், வரிசையில் என் பெயர் வந்தால், கூப்பிடுவார்கள். "போனை மட்டும் அணைச்சிராதீங்க சார். எடுக்கலைன்னா அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டியதாயிரும்" என்று அங்கே பதிவு பார்க்கும் அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். செண்பகத்தின் நம்பரையும் கொடுத்திருக்கிறோம். அவள் டீச்சர். பள்ளிக்கூடத்தில் அவள் போன் பீரோவுக்குள் இருக்கும். ஆக, என் போன்தான் கதி.

திரும்பக் கூப்பிட்டேன். ஒத்தக்கடைப் பக்கம் மனை விற்கிறார்களாம். "ரெண்டு சென்ட்லயும் இருக்கு சார்" என்றான் ஒருவன். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

ஜூன் 4, செவ்வாய்

திரை வெளிச்சத்தைக் குறைத்தேன். காலை வணக்கம் போடும் குரூப்புகளில் நான்கிலிருந்து விலகினேன். விலகியதும் இரண்டு பேர் கூப்பிட்டு, என்ன கோபம் என்று கேட்டார்கள். அதற்குப் பதில் சொன்னதில் கொஞ்சம் சார்ஜ் போயிற்று.

ஜூன் 7, வெள்ளி

டயாலிசிஸ் நாள். மறுபடியும் மத்தியானத்துக்குள் போன் படுத்துவிட்டது.

முருகன்குறிச்சியில் செல்போன் கடைக்குப் போனேன். கடைக்காரர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எத்தன வருசம் அண்ணாச்சி இது?" என்றார். ஐந்து என்றேன். "மனுசனுக்கு அம்பது மாதிரி. பேட்டரிய மாத்திருவோம்" என்றார். மாற்றினார்.

கடைக்கு எதிரே சர்பத் கடை அப்படியே இருக்கிறது. நன்னாரி சர்பத், எலுமிச்சம்பழம் பிழிந்து, கண்ணாடி டம்ளரில் நுரை தளும்ப. நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் எங்கள் டிரைவிங் ஸ்கூலில் காலை வகுப்பு முடிந்ததும் அங்கேதான் போவோம். ஆளுக்கு இரண்டு டம்ளர். தண்ணீர் என்பது அளந்து குடிக்கிற பொருள் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

ஜூன் 10, திங்கள்

புது பேட்டரி. அதே கதை. ஆனால் ஒன்று கவனித்தேன். வீட்டில் இருக்கும் நாட்களில் சாயங்காலம் வரை தாங்குகிறது. டயாலிசிஸ் நாளில்தான் காலையிலேயே மளமளவென்று இறங்குகிறது. ஆஸ்பத்திரிச் சுவர் தடிமன். சிக்னல் கிடைக்காமல் போன் டவரைத் தேடித் தேடி ஓய்கிறதோ என்று நினைக்கிறேன்.

கட்டிலில் நான்கு மணி நேரம். இடது கையில் ஊசி, வலது கை சும்மா. ஜன்னல் வழியாக ஒரு எல் போர்டு கார் போவது தெரிந்தது. ஓட்டியது ஒரு பெண். கிளட்சை விடத் தெரியாமல் வண்டி குதித்துக் குதித்துப் போயிற்று. எவ்வளவு நாளாயிற்று அந்தக் குதியைப் பார்த்து!

எங்கள் ஸ்கூல் பெயர் டி.எஸ். டிரைவிங் ஸ்கூல். டி நான், தாணுமூர்த்தி. எஸ் என் பார்ட்னர். முதல் வண்டி ஒரு பழைய மாருதி 800. பெயிண்டருக்குக் கொடுக்காமல் நாங்களே மஞ்சள் பெயிண்டில் பெயர் எழுதினோம். 'ஸ்கூல்' என்பதில் புள்ளி வைக்க மறந்து, பாளையங்கோட்டை முழுக்க 'ஸகூல்' என்று ஒரு மாதம் சுற்றினோம்.

நான் கத்துவேன். பார்ட்னர் கத்த மாட்டான். ரோஸ்லின் டீச்சர் என்று ஒருவர் படித்தார். எதிரே ஒன்றும் இல்லாவிட்டாலும் ஹார்ன் அடிப்பார். மைதானத்தில் ஆடு குறுக்கே வந்தால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணைப் பொத்திக்கொள்வார். நானாக இருந்தால் கீழே இறங்கிப் போயிருப்பேன். அவன், "மெதுவா டீச்சர். ஆடுதான, அதுக்கும் வீடு வாசல் இருக்கு, போயிரும்" என்பான். அந்த டீச்சர் லைசென்ஸ் வாங்கியபின் முதன்முதலாக ஓட்டிப்போனது திருச்செந்தூருக்கு. வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. திரும்பி வரும்போது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு ஓலைப்பெட்டி பனங்கற்கண்டு.

நல்ல காலம். சரி, இதெல்லாம் எதற்கு இப்போது.

ஜூன் 12, புதன்

தண்ணீர் அதிகமாகிவிட்டது. சிஸ்டர் திட்டினார். எழுதப் பிடிக்கவில்லை. போன் பதினோரு மணிக்கே பாதி.

ஜூன் 16, ஞாயிறு

பெங்களூரிலிருந்து மகள் தாரணி கூப்பிட்டாள். பேட்டரி கதையைச் சொன்னேன்.

"செட்டிங்ஸ்ல பேட்டரின்னு இருக்கும், அதுக்குள்ள போங்கப்பா. எது அதிகமா சாப்பிடுதுன்னு வரிசையா காட்டும்."

செண்பகத்தின் போனில் அவள் பேச, என் போனை நான் நோண்ட, ஒரு வழியாக அந்த இடத்துக்குப் போனோம். முதலிடத்தில் மேப்ஸ்.

"மேப் போட்டுக்கிட்டு எங்கப்பா போறீங்க?"

"எங்க போவேன். ஆஸ்பத்திரி, வீடு. அதுக்கு எதுக்கும்மா மேப்?"

அவள் மேப்ஸுக்குள் போகச் சொன்னாள். மேலே மூலையில் இருக்கும் என் படத்தைத் தொடச் சொன்னாள். இடத்தைப் பகிர்வது என்று ஒரு வரி இருந்தது. தொட்டேன். ஒரே ஒரு பெயர்.

சிகாமணி.

செண்பகம் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "அந்த மனுசன் இன்னுமா நம்மளப் பாத்துக்கிட்டு இருக்காவ?" என்றாள். குரலில் அப்படி ஒரு சூடு.

தாரணிதான் நினைவுபடுத்தினாள். இரண்டு கார் வைத்திருந்த காலத்தில், யார் எந்தத் தெருவில் நிற்கிறோம் என்று தெரியட்டும் என்று அவள்தான் எங்கள் இரண்டு போனிலும் இதைப் போட்டுக் கொடுத்தாளாம். 'நிறுத்தும் வரை' என்று போட்டது. யாரும் நிறுத்தவில்லை.

"சும்மா கிடந்தா இவ்வளவு சார்ஜ் போகாதுப்பா. சிகாமணி மாமா அடிக்கடி தெறந்து பாக்காங்க போல. அவங்க பாக்க பாக்க உங்க போன் நீங்க எங்க இருக்கீங்கன்னு தேடித் தேடிச் சொல்லும். அப்படித்தான் இருக்கும். ஆஃப் பண்ணிருங்க."

சரி என்றேன்.

சிகாமணிதான் அந்த பார்ட்னர். பெயரைச் சொல்லாமல் எழுதியிருக்கிறேன், இப்போதுதான் கவனிக்கிறேன்.

எனக்கு கிட்னி போனதும் செண்பகம் தருகிறேன் என்றாள். அவளுக்குச் சர்க்கரை, டாக்டர் முடியாது என்றார். தாரணியிடம் வாங்குவதற்கு நான் சம்மதிக்கவில்லை. ஒருநாள் அந்த சர்பத் கடையில் வைத்து சிகாமணி சொன்னான்: "எங்கிட்ட ரெண்டு இருக்குல்லா. ஒண்ணு ஸ்டெப்னி. எடுத்துக்கோ." சொந்தம் இல்லாதவர் கொடுப்பதானால் கமிட்டி அனுமதி வேண்டும், அதற்கு முன்னால் பரிசோதனைகள். போன ஆகஸ்டில் முதல் பரிசோதனைக்கு நாள் குறித்தார்கள். நான் காலையிலேயே போய் உட்கார்ந்தேன். அவன் வரவில்லை. போனை எடுக்கவில்லை. அடுத்த வாரம் ஸ்கூல் சாவியை யாரிடமோ கொடுத்தனுப்பினான். எஸ்தர் தடுத்துவிட்டாள் என்று ஊரில் பேச்சு. எஸ்தர் அவன் மனைவி. பிறகு ஸ்கூலை மூடினோம். அவன் டாக்ஸி வாங்கி ஓட்டுகிறான் என்று கேள்வி.

எனக்கு அவன் மேல் கோபம் கிடையாது. கொடுக்கிறவன் இஷ்டம்.

இன்னும் ஆஃப் பண்ணவில்லை. அதே பக்கத்தில் அவன் இருக்கிற இடமும் தெரிகிறது. சின்ன வட்டத்துக்குள் அவன் படம், பழைய மீசையோடு. சமாதானபுரத்தில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை, ஜெபத்துக்குக் கோயிலுக்குப் போயிருப்பான். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன். வீட்டுக்குப் போய்விட்டான்.

ஜூன் 17, திங்கள்

காலையில் கிளம்பும்போதே செண்பகம் கேட்டாள். "அணைச்சிட்டீகளா?" இல்லை என்றேன். "மதுரைக்காரங்க கூப்பிடுத நேரத்துல போன் செத்துக் கிடந்தா யாருக்கு நட்டம்? அவுகளுக்கா?" என்றாள். அவள் கேட்டது நியாயம்.

டயாலிசிஸ் தொடங்கி ஒரு மணி நேரம் இருக்கும். பேட்டரி சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தது. வலது கையால் எடுத்து மேப்ஸைத் திறந்து, நிறுத்து என்பதைத் தொட்டேன். நிச்சயமா என்று கேட்டது. ஆமாம் என்று தொட்டேன். அவ்வளவுதான், முடிந்தது.

கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். தூங்கியிருப்பேன் போல. வாசலில் சத்தம். "சார், செருப்பு! செருப்பக் கழட்டுங்க! விசிட்டர் இப்ப கிடையாது!" என்று சிஸ்டர் கத்துகிறார். கண்ணைத் திறந்தால் கட்டிலின் கால்மாட்டில் சிகாமணி நிற்கிறான். சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருக்கிறது. மூச்சு வாங்குகிறது. மீசை நரைத்துவிட்டது. மெஷினைப் பார்க்கிறான், டியூப்பில் ஓடும் ரத்தத்தைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான்.

"இருக்கியாலே?" என்றான்.

"இருக்கேன்."

"திடீர்னு காங்கல. அங்கன புள்ளியே இல்ல. நான் என்னத்த நெனைக்க?"

"சார்ஜ் போவுதுன்னு அணைச்சேன்."

அவன் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். பிறகு முகத்தைத் துண்டால் துடைத்தான். வியர்வை என்று நினைத்தேன். நிற்கவில்லை, துடைத்துக்கொண்டே இருந்தான். சிஸ்டர் வந்து, "பேஷன்ட்டுக்கு பிபி ஏறும், வெளிய இருங்க சார்" என்றார். போய்விட்டான்.

முடிந்து வெளியே வந்தபோது டாக்ஸியோடு வாசலில் நின்றான். ஏறினேன். நான்காவது கியரில் போட வேண்டிய இடத்திலெல்லாம் மூன்றிலேயே ஓட்டினான், எனக்குக் குலுங்கக் கூடாதென்று.

ஜூன் 18, செவ்வாய்

போன் தெம்பாக இருக்கிறது. சாயங்காலமும் பாதிக்கு மேல்.

டாக்ஸியில் வந்ததைச் செண்பகத்திடம் சொன்னேன். "பெரிய உபகாரம்" என்றாள்.

ஜூன் 22, சனி

சிகாமணி வீட்டுக்கு வந்தான். செண்பகம் காபியைக் கொண்டுவந்து டீப்பாயில் வைத்துவிட்டு, "எடுத்துக்கிடுங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். முன்பெல்லாம் 'அண்ணாச்சி அண்ணாச்சி' என்று வாய் ஓயாது அவளுக்கு. அவன் அந்த காபியை ரொம்ப நேரம் குடித்தான்.

"திரும்ப அதப் போட்டு விடேன்" என்றான்.

"எத?"

"அந்த மேப்ப. டயாலிசிஸ் அன்னைக்கு நீ வீடு வந்து சேந்துட்டியான்னு பாத்துட்டுத்தான் நான் அடுத்த சவாரிக்குப் போவேன். இப்ப ஒண்ணும் ஓட மாட்டேங்குது."

"போட மாட்டேன். மதுரைக்காரங்க கூப்பிட போன்ல சார்ஜ் வேணும். உனக்குத் தெரியணும்னா கூப்பிட்டுக் கேளு. வாய் இருக்குல்லா?"

தலையை ஆட்டினான். கிளம்பும்போது, ரோஸ்லின் டீச்சர் பேரனுக்கு கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறார் என்றான். "ஆடு வந்தா?" என்று கேட்டேன். "பேரன் கண்ணப் பொத்துதானாம்" என்றான். சிரித்துவிட்டேன். உள்ளேயிருந்து பாத்திரம் வைக்கும் சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

ஜூன் 28, வெள்ளி

தினமும் கூப்பிடுகிறான். "என்னலே, சாப்பிட்டியா?" அதற்கு மேல் பேச்சு கிடையாது. டயாலிசிஸ் நாளில் டாக்ஸியோடு நிற்கிறான். ஆகஸ்டைப் பற்றி அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

தண்ணீர்க் கணக்கு எழுதி ஒரு வாரமாகிறது. சிஸ்டர் கேட்டால் என்ன சொல்ல.

ஜூலை 4, வியாழன்

மதுரையிலிருந்து அழைப்பு. காலை ஆறு மணி. முதல் ரிங்கிலேயே எடுத்தேன். சிகாமணி வண்டி வந்துவிட்டது. கிளம்புகிறோம்.

ஜூலை 5, வெள்ளி

டயாலிசிஸ் கட்டிலில் படுத்துக்கொண்டே எழுதுகிறேன். ஆமாம், மறுபடியும் இங்கேதான்.

நேற்று ஒன்பதுக்கெல்லாம் மதுரை போய்விட்டோம். செண்பகம் லீவு போட்டுவிட்டு வந்தாள். அங்கே போனதும் அந்த அம்மா சொன்னார்: "இருக்கறது ஒண்ணுதான் சார். மூணு பேரைக் கூப்பிட்டிருக்கோம். ரத்தம் யாருக்குப் பொருந்துதுன்னு பாத்துத்தான் முடிவு." ரத்தம் எடுத்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்தோம். மூன்று பேர் என்றால் மூன்று குடும்பம். யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. ஒருவர் தூத்துக்குடிக்காரர், உப்பளத்தில் மேஸ்திரி. இன்னொன்று சின்னப் பெண், கைக்குழந்தையோடு அவள் அம்மா கூட வந்திருந்தாள். தேனிப் பக்கம். அந்தக் குழந்தை எல்லார் மடிக்கும் போயிற்று. சிகாமணியின் மடியில்தான் தூங்கியது.

மூன்று மணிக்கு வந்து சொன்னார்கள். அந்தப் பெண்ணுக்கு.

செண்பகம் என் கையைப் பிடித்தாள். அந்தப் பெண் உள்ளே போகும் முன்னால் நேராக என்னிடம் வந்தாள். "அண்ணே, தப்பா நினைச்சுக்கிறாதீங்க" என்றாள். கிட்னியை என்னிடமிருந்து பறித்துக்கொண்ட மாதிரி அவள் முகம். "நல்லா இரும்மா. பிள்ளைய வளத்து ஆளாக்கு" என்றேன். சொன்னபோது அதை மனதாரத்தான் சொன்னேன்.

திரும்பும்போது நான் முன் சீட்டில். செண்பகம் பின்னால் சாய்ந்து கண்ணை மூடிவிட்டாள். விருதுநகர் தாண்டியாயிற்று. வெயில் சாய்ந்து கரிசல் காடெல்லாம் செம்பாகக் கிடந்தது. திடீரென்று சிகாமணி சொன்னான்:

"அன்னைக்கு நான் வந்தேன்டே."

"என்னைக்கு?"

"ஆகஸ்ட்ல. ஆஸ்பத்திரிக்கு எதிர்த்தாப்புல, மருந்துக்கடைச் சந்துக்குள்ள மாருதிய நிப்பாட்டிட்டு உக்காந்திருந்தேன். நீ வாசலுக்கு வந்து வந்து பாத்த. எனக்குக் கதவத் தெறக்கக் கை வரல. கத்திய நெனைச்சேன். செத்துருவேன்னு நெனைச்சேன். நீ ஆட்டோ பிடிச்சுப் போறவரைக்கும் அங்கனதான் இருந்தேன்." பின்னால் வந்த லாரிக்கு வழி விட்டான். "எஸ்தர் தடுத்தான்னு ஊர்ல சொல்லிக்கிட்டாவ. நானும் இல்லன்னு சொல்லல. அவ பாவம். 'போயிட்டு வாங்க, சேசு இருக்காரு'ன்னு சொல்லி அனுப்பினவ அவ. பயந்தது நான்தான்."

அவன் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினான். தாடை ஆடியது. நான் அவனை எத்தனையோ வண்டியில், எத்தனையோ நெருக்கடியில் பார்த்திருக்கிறேன். லாரி நேரே வந்தபோதுகூட அவன் ஸ்டியரிங் பிடித்த கை நடுங்கியதில்லை.

என்ன சொல்ல என்று நான் யோசிக்கவில்லை. அதுவாக வந்தது.

"ஏலே, நீ எறங்கி வந்திருந்தாலும் நான் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். அதச் சொல்லத்தான் வாசலுக்கு வந்து வந்து பாத்தேன். உன் புள்ளைக ரெண்டும் படிக்குது. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் எஸ்தருக்கு என்ன பதில் சொல்ல?"

"நெசமாவா?"

"பின்ன."

வண்டியை ஓரங்கட்டினான். இறங்கிப் போய், ஒரு வேப்ப மரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். பிறகு வந்து உட்கார்ந்தான். கோவில்பட்டி வரை வழியெல்லாம் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தான். எதிரே ஒன்றும் இல்லாதபோதும் அடித்தான். ரோஸ்லின் டீச்சர் மாதிரி என்று சொன்னேன். அதற்கு அவன் சிரித்தான்.

வீட்டில் எங்களை இறக்கிவிட்டுப் போனான். செண்பகம் படுக்கையைத் தட்டிப் போட்டபடி, என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்:

"நெசமாவே வேண்டாம்னு சொல்லியிருப்பீகளா?"

"நீ தூங்கலையா?"

"கேட்டதுக்குச் சொல்லுங்க."

"வேண்டாம்னா? கையப் பிடிச்சுத் தரதரன்னு உள்ள இழுத்துட்டுப் போயிருப்பேன்."

அவள் தலையணையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். உதடு கோணியது. அழுவாளோ என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்க அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"ஞாயித்துக்கிழமை அண்ணாச்சியையும் எஸ்தரையும் சாப்பிட வரச் சொல்லுங்க" என்றாள். "எஸ்தர்கிட்ட நான் பேசணும்."

மெஷின் நிற்க இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. அவன் வாசலில் வண்டியோடு நிற்பான். போகும்போது ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குச் சொல்ல வேண்டும்.